பழைய டிராக்டர் என்ஜினுக்கு வால்வு மாற்றும் முறை

பல ஆண்டுகள் உழைத்த டிராக்டர் காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாமல், கலப்பையைக் கட்டினால் இழுக்கத் திணறி, நீலப் புகையும் விட்டால் என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். அப்போது பிஸ்டன், லைனர், ரிங் ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செலவு செய்யும் விவசாயிகள் பலர், வால்வுகளைப் ‘பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போதும்’ என்று விட்டுவிடுகின்றனர். வால்வு சரியாக மூடாவிட்டால் புது ரிங் போட்டும் அழுத்தம் நிற்காது. செய்த செலவில் பாதி வீணாகும்.

வால்வு வாங்கும்போது

மூன்று சிலிண்டர் டீசல் என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டாக ஆறு வால்வுகள் இருக்கும். காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வின் தலை பெரியது. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை சிறியது. எக்ஸாஸ்ட் வால்வு எப்போதும் கடும் வெப்பத்தில் வேலை செய்வதால் அதற்கென்று தனி உருக்கு தேவை. ஆகவே, விலை மலிவு என்று பெயர் தெரியாத சரக்கை வாங்கக் கூடாது.

பழைய வால்வைக் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. மொத்த நீளம், தண்டின் பருமன், தலையின் அகலம், முகத்தின் சாய்வு, லாக் அமரும் பள்ளம் ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

கைடும் சீட்டும்

வால்வைச் சற்றுத் தூக்கி இருபுறமும் ஆட்டினால் தாராளமாக ஆடுகிறதா? கைடு தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த இடைவெளி வழியே ஆயில் இறங்கி எரிவதும் நீலப் புகைக்கு ஒரு காரணம். தேய்ந்த கைடில் புது வால்வைப் போட்டால், அது ஒவ்வொரு முறையும் கோணலாகவே அமரும்.

முதலில் கைடை மாற்றி, அதன் பிறகு சீட்டைக் கடைய வேண்டும். வரிசை மாறினால் சீட்டின் மையம் தவறிவிடும். பலமுறை கடைந்த சீட்டில் வால்வு ஆழமாக இறங்கிவிடும். அதனால் அழுத்தம் குறைந்து, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவது கடினமாகும். அத்தகைய ஹெட்டுக்கு லேத் பட்டறையில் புது சீட் வளையம் பொருத்துவதே சரி.

கடைந்த பின் நைஸ் பேஸ்ட் போட்டு இலேசாகத் தேய்த்தால், வால்வு முகத்தில் இடைவெளி இல்லாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். பேஸ்டைச் சுத்தமாகக் கழுவி, வால்வையும் ஸ்பிரிங்கையும் பூட்டி, ஹெட்டின் புகை வழியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் வைக்கலாம். கசிவு இல்லையென்றால் வேலை சரி.

சிறிய பாகங்கள்

ஸ்பிரிங்குகளைச் சமதளத்தில் வரிசையாக நிறுத்தினால், குட்டையானதும் சாய்ந்ததும் உடனே தெரியும். புஷ் ராடைக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால் வளைவு தெரியும். ராக்கரின் ஆயில் துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கேம் ஷாப்டைப் புதிதாகப் போட்டால் டேப்பெட்டுகளையும் புதிதாகப் போடுவது அவசியம்.

ஸ்பிரிங் தட்டைப் பிடித்திருக்கும் இரு துண்டு லாக்கைப் பலர் பொருட்படுத்துவதில்லை. தேய்ந்த லாக் ஓட்டத்தில் கழன்றால் வால்வு சிலிண்டருக்குள் விழும். பிஸ்டன் உடையும், ஹெட்டும் பாழாகும். சொற்ப விலையுள்ள லாக்கில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

இடைவெளி வைப்பது

ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் இடையே குறிப்பிட்ட இடைவெளி வேண்டும். 1960-களில் மாசி பெர்குசன் 35 டிராக்டரில் வந்த பெர்க்கின்ஸ் 3 சிலிண்டர் டீசல் என்ஜினுக்கு, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம் (0.30 மி.மீ.), சூடாக இருக்கும்போது 0.010 அங்குலம் (0.25 மி.மீ.) என்பது அளவு. மற்ற என்ஜின்களுக்கு அவற்றின் கையேட்டில் உள்ள அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

முதல் சிலிண்டரின் பிஸ்டன் அழுத்த வீச்சில் உச்சிக்கு வந்ததும் அதன் இரு வால்வுகளையும் சரிசெய்யலாம். என்ஜினை மூன்றில் இரண்டு பங்கு சுற்று சுற்றினால் இரண்டாவது சிலிண்டருக்கும், மீண்டும் அதே அளவு சுற்றினால் மூன்றாவதற்கும் முறை வரும். ராக்கர் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் பீலர் கேஜ் உண்மை அளவைக் காட்டாது. அந்த ராக்கரைச் சாணை பிடிக்க வேண்டும். அல்லது மாற்ற வேண்டும்.

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, இரண்டு மூன்று தடவையாக, டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். சில நாள் ஓடிய பிறகு நட்டின் இறுக்கத்தையும் இடைவெளியையும் மறுபடி சரிபார்ப்பது மிக அவசியம்.

‘டக் டக்’ என்ற சத்தம் பிடிக்காமல் இடைவெளியைக் குறைத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இடைவெளி குறைந்தால், சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. தீப்பிழம்பு கசிந்து எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். சத்தம் போடும் வால்வு தன் குறையைச் சொல்லிக் காட்டும். இறுக்கி வைத்த வால்வோ சத்தமின்றிக் கருகும். உழவு நடுவில் டிராக்டர் நிற்காமலிருக்க, இந்த அளவில் கவனம் தேவை.