மாற்று ராக் இசையில் ஒலிப்பதிவு ஒப்பந்தம்

ஒலிப்பதிவு ஒப்பந்தம் என்பது இசைத்தொகுப்புகளை உருவாக்கி வெளியிடுவதற்காக ஓர் இசைக்குழுவும் ஓர் ஒலிப்பதிவு நிறுவனமும் செய்துகொள்ளும் சட்ட உடன்படிக்கை ஆகும். எல்லா வகை இசைக்கும் இது பொதுவானதே. எனினும் மாற்று ராக் இசையில் இதற்குத் தனி வரலாறு உண்டு. 1980களில் சிறிய சுயாதீன நிறுவனங்களைச் சார்ந்து வளர்ந்த இவ்விசை, 1991 செப்டம்பரில் வெளிவந்த நிர்வானாவின் நெவர்மைண்ட் இசைத்தொகுப்பின் பெருவெற்றிக்குப் பின் பெருநிறுவனங்களின் கவனத்தை ஈர்த்தது. அதுவரை வாய்மொழியை நம்பி இயங்கிய குழுக்கள் பல, நீண்ட ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. பல இலட்சம் இறுவட்டுகள் விற்ற பின்னரும் ஒரு குழு தன் நிறுவனத்துக்குக் கடன்பட்டே இருப்பது எவ்வாறு என்பது இவ்வொப்பந்தங்களின் அமைப்பை அறிந்தால் விளங்கும்.

இரு பதிப்புரிமைகள்

ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஒரு பாடலில் இரண்டு பதிப்புரிமைகள் உள்ளன. மெட்டும் வரிகளும் சேர்ந்த ஆக்கத்துக்கு உரியது ஒன்று; அதன் குறிப்பிட்ட ஓர் ஒலிப்பதிவுக்கு உரியது மற்றொன்று. எடுத்துக்காட்டாக, 1993இல் எம்டிவி நிகழ்ச்சியொன்றில் நிர்வானா, டேவிட் போவி இயற்றிய பாடலொன்றைப் பாடியது. ஆக்கத்துக்கான உரிமத்தொகை போவியின் தரப்புக்குச் சேரும்; அந்த ஒலிப்பதிவின் உரிமையோ நிர்வானாவின் நிறுவனத்தைச் சாரும். ஒலிப்பதிவு ஒப்பந்தம் முதன்மையாக இரண்டாவது உரிமையைப் பற்றியது. மூல ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்பதே இத்துறையின் பெரும்பாலான சச்சரவுகளுக்கு வேர்.

முன்பணமும் ஈடுகட்டலும்

பெருநிறுவனம் குழுவுக்கு முதலில் ஒரு முன்பணம் தருகிறது. இது ஊதியம் அன்று, பரிசும் அன்று. குழுவுக்குப் பின்னர் சேரவேண்டிய உரிமத்தொகையிலிருந்து இது கழித்துக்கொள்ளப்படும். ஒலிப்பதிவுக்கூடச் செலவும், நிகழ்படச் செலவில் ஒரு பகுதியும் பொதுவாகக் குழுவின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. தொகுப்பு தோல்வியுற்றால் குழு தன் கையிலிருந்து பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. ஆனால் அந்த நிலுவை அடுத்த தொகுப்பின் கணக்கில் ஏற்றப்படும்.

இவ்வமைப்பை எண்களால் விளக்கியவர் சிக்காகோவைச் சேர்ந்த இசைக்கலைஞரும் ஒலிப்பதிவுப் பொறியாளருமான ஸ்டீவ் அல்பினி (1962 - 2024). 1993இல் த பாஃப்லர் இதழில் வெளிவந்த தம் கட்டுரையில், 2,50,000 டாலர் முன்பணம் பெற்ற ஒரு கற்பனைக் குழுவின் கணக்கை அவர் வரிசைப்படுத்தினார். அக்குழு 12 டாலர் விலையில் இரண்டரை இலட்சம் பிரதிகள் விற்கிறது. மொத்த விற்பனை 30 இலட்சம் டாலர். இதில் 90 விழுக்காட்டுக்கு மட்டுமே, 13 விழுக்காடு வீதம், உரிமத்தொகை உண்டு. அதாவது 3,51,000 டாலர். (பத்து விழுக்காட்டைக் கழிக்கும் வழக்கம், அரக்கு இசைத்தட்டுகள் போக்குவரத்தில் உடைந்த காலத்தில் தோன்றியது. இறுவட்டுகள் அவ்வாறு உடைவதில்லை. கழிவு மட்டும் நீடித்தது.) இத்தொகையிலிருந்து முன்பணம் 2,50,000, தயாரிப்பாளரின் பங்கு 40,000, விளம்பரம் 25,000, பழைய நிறுவனத்திடமிருந்து குழுவை விடுவித்த செலவு 50,000 ஆகியவற்றைக் கழித்தால் குழுவுக்கு மிஞ்சுவது 14,000 டாலர் கடன். எல்லா வரவு செலவுகளும் போக ஒவ்வோர் உறுப்பினருக்கும் கிடைப்பது ஏறத்தாழ 4,031 டாலர். நிறுவனத்தின் பங்கோ 7,10,000 டாலர்.

இக்கணக்கில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. செலவுகள் மொத்த விற்பனை வருவாயிலிருந்து ஈடுகட்டப்படுவதில்லை. குழுவின் சிறு பங்கிலிருந்து மட்டுமே ஈடுகட்டப்படுகின்றன. எனவே குழுவின் கணக்கு இன்னும் கடனில் இருக்கும்போதே நிறுவனம் இலாபம் ஈட்டத் தொடங்கிவிடும். மேலும், வீட்டுக் கடனை அடைத்தால் பத்திரம் கைக்கு வந்துவிடும். இங்கு ஒலிப்பதிவுச் செலவு முழுவதையும் குழு அடைத்த பின்னரும் மூல ஒலிப்பதிவு நிறுவனத்திடமே தங்குகிறது.

அல்பினி தாம் எழுதியதற்கு ஏற்பவே நடந்துகொண்டார். நிர்வானாவின் இன் யூடெரோ (1993) தொகுப்பை ஒலிப்பதிவு செய்தபோது, விற்பனையில் பங்கு பெற மறுத்து, ஒரே தொகையாக ஓர் இலட்சம் டாலர் கூலி பெற்றார். விற்பனைப் பங்கை ஏற்றிருந்தால் அவருக்குப் பன்மடங்கு கிடைத்திருக்கும்.

ஏழாண்டு விதி

ஒப்பந்தங்கள் ஆண்டுக்கணக்கில் அன்றி இசைத்தொகுப்புகளின் எண்ணிக்கையில் அமைகின்றன. அடுத்த தொகுப்பு வேண்டுமா என்பதை முடிவு செய்யும் உரிமை நிறுவனத்துக்கே உண்டு; விலகும் உரிமை குழுவுக்கு இல்லை. இதற்குக் கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் ஒரு வரம்பு விதிக்கிறது. தனிப்பட்ட பணிக்கான ஒப்பந்தத்தை ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் மீது வலியுறுத்த இயலாது. நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு எதிராக 1944இல் பெற்ற தீர்ப்பு, இவ்வேழு ஆண்டுகள் நாட்காட்டி ஆண்டுகளே என உறுதிசெய்தது. ஆனால் 1987இல் இசைக்கலைஞர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. அதன்படி, விலகிச் செல்லும் கலைஞர் தராமல் விட்ட தொகுப்புகளுக்காக நிறுவனம் இழப்பீடு கோரலாம்.

தேர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ் குழு இவ்விதியை நம்பித் தன் ஒப்பந்தத்திலிருந்து விலகியபோது, இஎம்ஐ குழுமம் 2008இல் 3 கோடி டாலர் கோரி வழக்குத் தொடர்ந்தது. பெரும் விற்பனைக்குப் பின்னரும் தாங்கள் நிறுவனத்துக்குக் கடன்பட்டிருப்பதாகவே கணக்கு காட்டப்பட்டது எனக் குழு கூறியது. 2009இல் சமரசம் ஏற்பட்டு அக்குழு அதே நிறுவனத்துடன் மீண்டும் ஒப்பந்தம் செய்தது. இவ்வழக்கைப் பற்றிய ஆவணப்படம் ஆர்டிஃபாக்ட் (2012) ஆகும்.

சுயாதீன நிறுவனங்கள்

சுயாதீன நிறுவனங்கள் பலவற்றில், செலவு போக எஞ்சும் இலாபத்தைக் குழுவும் நிறுவனமும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும் முறை இருந்தது. மான்செஸ்டரின் ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் இதிலும் ஒருபடி மேலே சென்றது. ஒலிப்பதிவுகள் அனைத்தும் கலைஞர்களுக்கே சொந்தம், நிறுவனத்துக்கு ஒன்றும் சொந்தமில்லை என்பது அதன் உடன்பாடு. அதில் நிறுவனர் டோனி வில்சன் தம் இரத்தத்தால் கையெழுத்திட்டார் என்று கூறப்படுகிறது. 1992இல் ஃபாக்டரி நொடிந்தபோது அதை வாங்க முன்வந்த லண்டன் ரெக்கார்ட்ஸ், நியூ ஆர்டர் குழுவின் ஒலிப்பதிவுகள் ஃபாக்டரிக்குச் சொந்தமல்ல என அறிந்து, அக்குழுவுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டது. கலைஞர்களைக் காத்த அதே தாள், நிறுவனத்தை விற்கவும் வழியில்லாமல் செய்தது.

எழுதப்படாத உடன்பாடும் சிக்கலற்றது அன்று. சிக்காகோவின் டச் அண்ட் கோ நிறுவனம் தன் குழுக்களுடன் வாய்மொழியாகவே சரிபாதி உடன்பாடு செய்துவந்தது. பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழு அவ்வுடன்பாட்டை முறித்துத் தன் ஒலிப்பதிவுகளைத் திரும்பக் கோரியது. காலவரையறை இல்லாத உடன்பாட்டை இல்லினாய் மாநிலச் சட்டப்படி எந்நேரமும் முறிக்கலாம் என 1999இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் குழுவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒழுங்காகக் கணக்கு காட்டுவதாகப் பெயர்பெற்ற ஒரு நிறுவனம் தோற்ற இவ்வழக்கு, சுயாதீன இசையுலகில் பலரை வருந்தச் செய்தது.

குழுவுக்குள் உடன்பாடு

த ஸ்மித்ஸ் குழுவில் மோரிசியும் ஜானி மாரும் தலா 40 விழுக்காடும், ஏனைய இருவரும் தலா 10 விழுக்காடும் இலாபம் பெற்றனர். இதற்கு எழுத்து மூலமான உடன்பாடு இல்லை. தாளவாத்தியக் கலைஞர் மைக் ஜாய்ஸ் தொடுத்த வழக்கில், வேறுவிதமாக உடன்படாதவரை கூட்டாளிகளின் பங்கு சமம் என்னும் 1890ஆம் ஆண்டின் பிரித்தானியக் கூட்டாண்மைச் சட்டத்தை இங்கிலாந்து உயர் நீதிமன்றம் பின்பற்றியது. 1996இல் அவருக்கு 25 விழுக்காடு உரித்தென்று தீர்ப்பானது. மோரிசியின் மேல்முறையீடு 1998இல் தள்ளுபடியானது. இது இசை ஆக்கத்துக்கான உரிமத்தொகையைத் தொடவில்லை. அது பாடல்களை இயற்றிய மோரிசிக்கும் மாருக்கும் மட்டுமே உரியது.

உரிமையை மீட்டல்

ரேடியோஹெட் குழு இஎம்ஐ ஒப்பந்தம் முடிந்தபின், 2007 அக்டோபரில் இன் ரெயின்போஸ் தொகுப்பை விரும்பிய விலைக்குத் தன் இணையத்தளத்திலேயே தரவிறக்க விட்டது. புதிய ஒலிப்பதிவுகள் குழுவிடம் இருந்தன. பழையவை இஎம்ஐ வசமே இருந்தன. அடுத்த ஆண்டே குழுவின் பங்கேற்பின்றி ஒரு தேர்ந்தெடுத்த பாடல் தொகுப்பை இஎம்ஐ வெளியிட்டது.

ஐக்கிய அமெரிக்காவில், 1978 முதல் செய்யப்பட்ட உரிமை மாற்றங்களைப் பொதுவாக 35 ஆண்டுகளுக்குப் பின் படைப்பாளி முறித்துக்கொள்ளலாம். பணிநிமித்தம் உருவான படைப்புகளுக்கு, அதாவது ஒரு நிரலர் தன் நிறுவனத்துக்காக எழுதும் நிரல் போன்றவற்றுக்கு, இது பொருந்தாது. 1999இல் ஒலிப்பதிவுகளை இவ்வகையில் சேர்க்கும் திருத்தமொன்று வேறொரு சட்டத்துடன் இணைத்து நிறைவேற்றப்பட்டது. கலைஞர்களின் எதிர்ப்பால் 2000இல் அது நீக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் மாற்று ராக் குழுக்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களுக்கு 35 ஆண்டுகள் 2020களின் பிற்பாதியில் நிறைவுறுகின்றன. முறிக்க விரும்புவோர் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும்.