தேரின் முட்டுக்கட்டையும் சரக்குந்தின் நிறுத்துத்தடையும்: பழுதறியும் முறை

திருவரங்கத்தில் விருப்பன் திருநாளின்போது நான்கு சித்திரை வீதிகளிலும் வலம்வரும் தேரை நிறுத்துவது முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் தடையும் செய்தளித்த பின்னரும் அங்கும் முட்டுக்கட்டைக்கு ஓய்வில்லை. கட்டையை இட்டால் தேர் நிற்கும், எடுத்தால் ஓடும். காற்றுத்தடை பொருத்திய கனரகச் சரக்குந்தின் நிறுத்துத்தடையோ இதற்கு நேர்மாறானது. பழுது நோக்குவோர் தடுமாறுவதும் இவ்விடத்தில்தான்.

ஓட்டுநர்கள் ‘ஹேண்ட் பிரேக்’ என வழங்கும் இத்தடையைப் பிடிப்பது காற்று அன்று. பின்சக்கரத் தடைக்கலத்துள் அடங்கிய வலிய சுருள்வில். காற்று அவ்வில்லை அமுக்கி வைத்திருக்கும்வரை சக்கரம் சுழலும். அழுத்தம் குறையக் குறைய வில் விரிந்து சக்கரத்தைப் பற்றும். ஆகவே தடை விடவில்லை என்றால் முதலில் ஐயுறத்தக்கது காற்றுக்குறை. தடை பிடிக்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் இயந்திர உறுப்புகளில் இருக்கும்.

காந்தி சந்தையில் இரவு முழுதும் நின்ற சரக்குந்து காலையில் நகர மறுப்பதாகக் கொள்வோம். எஞ்சினை இயக்கியதும் அழுத்தமானியின் முள் ஏறுகிறதா என்பதே முதல் சான்று. முள் ஏறிய பின், தடையை விடுவித்தவுடன் மீண்டும் இறங்கினால், வில்லறையின் டயாபிரத்திலோ அதற்குச் செல்லும் குழாயிலோ கசிவு உண்டு. சோப்பு நீர் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நுட்பமான கசிவு ஒன்றும் உண்டு. நிறுத்துத்தடை இட்ட நிலையில் கால்மிதியை அழுத்தும்போது மட்டும் கைவால்வின் அல்லது ரிலே வால்வின் வெளிப்போக்கில் காற்று சீறினால், பெரும்பாலும் வால்வு குற்றமற்றது. தடைக்கலத்தின் ஈரறைகளையும் பிரிக்கும் நடுச்சீல் தேய்ந்திருக்கும். இதனை அறியாது வால்வை மாற்றுவது வீண்செலவு. காற்றுத்தொட்டியில் தேங்கும் நீரை வடிக்காமல் விடுவதும் வால்வுகளைக் கெடுக்கும்.

பிடிக்காத தடைக்கு லைனிங் தேய்வு, அதில் படிந்த எண்ணெய், ஸ்லாக் அட்ஜஸ்டரின் தளர்ச்சி, முறிந்த வில் ஆகியன காரணங்கள். வண்டியை இழுத்துச் செல்வதற்காகத் திருகி வில்லை அடக்கிய போல்ட்டைத் திரும்பத் தளர்த்த மறப்பதும் ஒன்று. அந்நிலையில் கைப்பிடியை இழுத்தாலும் அச்சக்கரத்தில் தடை இராது.

உயிருக்கு ஊறு நேர்வது பழுது நீங்கும் கணத்தில். சரிவில் தானே பூட்டிக்கொண்ட வண்டியின் அடியில் ஒருவர் படுத்திருக்க, மற்றொருவர் வெளிக்காற்றை ஏற்றினால் வில் அடங்கும்; சக்கரம் விடுபடும். எனவே எதனையும் தொடுமுன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடவேண்டும். பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை இடுபவர் பழிக்கப்படுகிறார். பணிமனையில் இடாதவரே பழிக்குரியவர். வில்லறையை எக்காரணம் கொண்டும் பிரிக்கலாகாது: உள்ளே அடங்கிய விசை பல நூறு கிலோ எடைக்கு நிகரானது, மூடி தெறித்தால் ஆளைக் கொல்லும். கெட்ட தடைக்கலத்தை, போல்ட்டினால் வில்லை அடக்கிய பின், முழுமையாகக் கழற்றி மாற்றுவதே முறை. மாற்றியபின் போல்ட்டைத் தளர்த்தி, ஆளற்ற சமதளத்தில் தடையை இட்டு, தாழ்ந்த கியரில் வண்டியை மெல்ல நகர்த்த முயன்று பார்க்கவேண்டும்.