கடல் தாண்டி வரும் கார்டுப் பணம்: நஷ்டம் யார் தலையில்?

அந்தமானில் ரயில் பாதை கிடையாது. ஆனால் ரயில் டிக்கெட் எடுப்பவர்கள் ஏராளம். கப்பலிலோ விமானத்திலோ சென்னை போய் இறங்கி, அங்கிருந்து மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டியவர்கள், கிளம்புமுன் இங்கிருந்தபடியே டிக்கெட் பதிவு செய்துகொள்கிறார்கள். ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2002 ஆகஸ்ட் 3-ஆம் தேதி இன்டர்நெட் மூலம் டிக்கெட் விற்கத் தொடங்கியது. அப்போது பணம் மட்டுமே கம்பி வழியாகப் போயிற்று. அச்சடித்த டிக்கெட் கூரியரில் வீடு வந்தது. இன்று பணத்துக்கும் காகிதம் இல்லை, டிக்கெட்டுக்கும் காகிதம் இல்லை.

இது வாங்குகிறவர் கதை. விற்கிறவர் கதை வேறு. இந்தத் தீவுகளில் லாட்ஜ், படகு, வாடகை ஸ்கூட்டர், கடலில் மூழ்கிப் பார்க்கும் பயிற்சி என்று சுற்றுலாவை நம்பி நடக்கும் தொழில்கள் பல. அவற்றில் நம்மவர்கள் சிலர் முதலாளிகள். பலர் கவுண்டரில் இருப்பவர்கள், கணக்கு எழுதுபவர்கள். வாடிக்கையாளர் டில்லியிலோ லண்டனிலோ உட்கார்ந்துகொண்டு கார்டு எண்ணைத் தட்டுகிறார். இங்கே அறை பதிவாகிறது. பணம் வந்துவிட்டது என்று கணக்கில் வரவு வைக்கிறோம். இரண்டு மாதம் கழித்து அதே தொகை பாங்குக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. ஆள் வந்து தங்கிப் போயாயிற்று; பணமும் போயிற்று.

இது ஏன் நடக்கிறது? இந்த நஷ்டம் எப்போது வியாபாரி தலையில் விழும், எப்போது பாங்கின் தலையில் விழும்? கார்டு வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பல கை மாறும் பணம்

கார்டு எண்ணை வாடிக்கையாளர் தட்டியதும் அது முதலில் பணம் வசூலித்துத் தரும் இடைநிலைக் கம்பெனிக்குப் போகிறது. அங்கிருந்து வியாபாரியின் தரப்பு பாங்கு, பிறகு ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு அமைப்பு, கடைசியாகக் கார்டைக் கொடுத்த பாங்கு. அந்த பாங்கு கணக்கைப் பார்த்து, "சரி" அல்லது "இல்லை" என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் வந்த வழியே திரும்புகிறது. எல்லாம் சில விநாடிகளில் முடிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "சரி" என்ற பதில் பணமல்ல. பணம் தருவதாக ஒரு வாக்குத்தான். பணம் பிறகுதான் கணக்குத் தீர்த்து அனுப்பப்படுகிறது. ரயில்வே கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தமிழ்நாட்டில் ஒரு ஸ்டேஷனில் எடுத்த டிக்கெட்டில் பயணி பல ரயில்வேக்களைக் கடந்து ஹவுரா போய்ச் சேருகிறார். வசூல் ஒரு இடத்தில். எந்த ரயில்வேக்கு எவ்வளவு பங்கு என்பது பின்னால் கணக்கிட்டுத் தீர்க்கப்படுகிறது. கார்டு வியாபாரமும் அப்படியே. வித்தியாசம் என்னவென்றால், இங்கே தீர்த்த கணக்கையும் திரும்பத் திறக்க முடியும்.

எண் சரி, ஆள் யார்?

கார்டு எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். முன்னால் உள்ள இலக்கங்களை ஒரு குறிப்பிட்ட முறையில் கூட்டிப் பார்த்தால் அது பொருந்த வேண்டும். ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்து 1960-இல் காப்புரிமை பெற்ற முறை இது. நமது சரக்கு ரயில் வேகன்களில் எழுதியிருக்கும் 11 இலக்க எண்ணிலும் கடைசி இலக்கம் சோதனை இலக்கமே. கணக்கிடும் முறைதான் வேறு. எழுதும்போது ஓர் இலக்கம் தவறினால் உடனே தெரிந்துவிடும்.

ஆனால் இது கைத்தவறைத்தான் பிடிக்கும், களவைப் பிடிக்காது. திருடிய எண்ணும் சரியான எண்தான். கார்டின் பின்புறம் உள்ள மூன்று இலக்க எண் அடுத்த காவல். அந்த எண்ணை யாரும் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டு அமைப்புகளின் விதி. ஆனால் கார்டையே இரண்டு பக்கமும் படமெடுத்தவன் கையில் அதுவும் இருக்கும். ஆகவே, "இந்த எண்ணைத் தட்டுபவர் கார்டுக்குச் சொந்தக்காரர்தானா?" என்ற கேள்விக்கு வேறொரு விடை தேவைப்பட்டது.

இரண்டாவது பூட்டு

அந்த விடையைக் கட்டாயமாக்கியதில் நமது ரிசர்வ் பாங்கு பல நாடுகளுக்கு முந்திக்கொண்டது. 2009 பிப்ரவரியில் உத்தரவிட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல், கார்டு எதிரில் இல்லாமல் இன்டர்நெட்டில் நடக்கும் உள்நாட்டு வியாபாரத்துக்குக் கார்டில் அச்சிட்டிராத இன்னொரு அடையாளமும் வேண்டும் என்றது. செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. என்ற ஒருமுறை எண் இந்த வழியில்தான் நம் எல்லோர் வீட்டுக்கும் வந்தது.

வியாபாரிக்கு இதனால் என்ன லாபம்? இந்தப் பூட்டு திறந்த பிறகு, "நான் வாங்கவில்லை, யாரோ என் கார்டைப் பயன்படுத்திவிட்டார்கள்" என்று வாடிக்கையாளர் சொன்னால், கார்டு அமைப்புகளின் விதிப்படி அந்த நஷ்டம் பொதுவாகக் கார்டு கொடுத்த பாங்கைச் சேரும். ஆளைச் சோதித்து "சரி" சொன்னது அந்த பாங்கு அல்லவா? யார் சோதித்தாரோ அவர் பொறுப்பு. யாருமே சோதிக்காவிட்டால் விற்றவர் பொறுப்பு. இந்தத் தொழிலின் நியாயம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

விண்ணிலிருந்து கடலுக்கு

இந்தப் பூட்டு தீவுகளில் நெடுநாள் சரியாகத் திறக்கவில்லை. இன்டர்நெட் முழுவதும் செயற்கைக்கோளை நம்பியிருந்த காலம் அது. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்குச் செய்தி ஏறி இறங்கவே கால் விநாடி ஆகும். கேள்வியும் பதிலுமாக அரை விநாடி. ஒரு கார்டு வியாபாரத்தில் இப்படிப் பல கேள்வி பதில்கள். அதோடு, இருந்த கொஞ்ச வசதியைத் தீவு முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஓ.டி.பி. வந்து சேருமுன் கெடு முடிந்துவிடும். பணம் கழிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் தட்டினால் இரண்டு முறை கழியும் அபாயம் வேறு.

2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடிக் கம்பி தொடங்கி வைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். வேலையை நடத்தியது பி.எஸ்.என்.எல். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (2024 செப்டம்பரில் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது), அங்கிருந்து ஹாவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவு, ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்டா, கிரேட் நிகோபார் ஆகிய இடங்களுக்கும் அது போகிறது.

அதன் பின் தீவில் கடை வைத்திருப்பவர் சென்னைக் கடைக்காரரைப் போல் உலகத்துக்கே விற்கலாம் என்றாயிற்று. ஆனால் கம்பி வாடிக்கையாளரை மட்டும் அழைத்து வருவதில்லை. மோசடிக்காரனையும் அதே வேகத்தில் அழைத்து வருகிறது.

பூட்டில்லாத கதவு

ரிசர்வ் பாங்கின் 2009-ஆம் ஆண்டு உத்தரவு இந்தியாவில் கொடுக்கப்பட்ட கார்டுகளுக்கு. வெளிநாட்டு பாங்கு கொடுத்த கார்டை அது கட்டுப்படுத்தாது. சில வெளிநாட்டு பாங்குகள் இரண்டாவது அடையாளம் கேட்கின்றன; சில கேட்பதில்லை. வெளிநாட்டுப் பயணிகள் வந்துபோகும் இந்தத் தீவுகளில் இது பெரிய ஓட்டை.

ஸ்வராஜ் தீவில் எட்டு அறை வைத்திருக்கும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு கார்டில் 60,000 ரூபாய்க்கு ஒரு பதிவு வருகிறது. இரண்டு நாளில் ஒரு கடிதம்: "திட்டம் மாறிவிட்டது, பாதிப் பணத்தை எங்கள் டிராவல் ஏஜெண்டின் கணக்குக்கு அனுப்பி விடுங்கள்." இவர் நாணயஸ்தர்; 30,000 ரூபாயை அனுப்பி வைக்கிறார். பின்னர் கார்டின் உண்மைச் சொந்தக்காரர் தம் பாங்கில் புகார் செய்கிறார். முழு 60,000 ரூபாயும் இவர் கணக்கிலிருந்து திரும்பப் போகிறது. அறை வாடகையும் இல்லை, கையிலிருந்து அனுப்பிய 30,000 ரூபாயும் இல்லை. இப்படிப் பணத்தைத் திரும்பக் கோருவதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். அதற்குப் பெரும்பாலும் 120 நாள் வரை அவகாசம் உண்டு. சீசன் முடிந்து கணக்கை மூடிய பிறகும் அது வரலாம்.

கவுண்டரில் இருப்பவர் கவனிக்க

முதலாவது, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதென்றால் எந்தக் கார்டில் வந்ததோ அதே கார்டுக்குத்தான் திருப்ப வேண்டும். வேறு கணக்குக்கு அனுப்பு என்ற பேச்சு வந்தாலே அது மோசடி என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வெளிநாட்டு கார்டில் பெரிய தொகை வந்தால் அது பூட்டுத் திறந்து வந்ததா என்று வசூல் கம்பெனியின் கணக்கில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை ஆள் நேரில் வந்து கார்டைச் சொருகி, பின் எண் போட்டுக் கட்டச் சொல்வது பத்திரம். ஒரே நபர் பல கார்டுகளை மாற்றி மாற்றித் தட்டியிருந்தாலும், பத்து இருபது ரூபாயாகப் பல முயற்சிகள் வந்திருந்தாலும், திருடிய எண்களை யாரோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, கார்டைப் படமெடுத்து செல்போனில் அனுப்பச் சொல்வதும், எண்ணை நோட்டில் எழுதி வைப்பதும் கூடாது. வியாபாரிகள் கார்டு விவரத்தைச் சேமிப்பதற்கு ரிசர்வ் பாங்கு தடை விதித்து, அதன் இடத்தில் டோக்கன் என்ற மாற்று எண் 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நோட்டு தொலைந்தால் பழி கடையின் சிப்பந்தி மேல்தான் விழும்.

நான்காவது, தஸ்தாவேஜு. தங்கியவரின் கையொப்பம், அடையாளச் சான்றின் நகல், படகு ஏறிய பட்டியல் எல்லாவற்றையும் குறைந்தது ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். "சேவை கிடைக்கவில்லை" என்று ஒருவர் திரும்பக் கோரினால், ஓ.டி.பி. உதவாது, இந்தக் காகிதங்கள்தான் உதவும். கடல் கொந்தளித்துப் படகு ரத்தானால் அவர்கள் கேட்குமுன் நாமே திருப்பிக் கொடுத்துவிடுவது லாபம்.

ஐந்தாவது, பணம் அனுப்பிவிட்டேன் என்று செல்போன் படத்தைக் காட்டினால் நம்பலாகாது. நம் கணக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்பதே சாட்சி. பணம் வாங்குவதற்கு யாரும் பின் எண் போட வேண்டியதே இல்லை.

வாங்குகிறவருக்கும் கெடு உண்டு

மாதச் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்பி, இங்கிருந்து டிக்கெட் எடுக்கும் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் இதில் பங்குண்டு. ஓட்டல், சுற்றுலாப் பதிவுகளின் பெயரில் போலி இணையதளங்கள் நடப்பதாக மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. தேடும்போது முதலில் வந்து நிற்கும் முகவரி உண்மையானது என்று எண்ணிவிடக் கூடாது.

கார்டில் நாம் செய்யாத செலவு தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. நம் தவறும் பாங்கின் தவறும் இல்லாமல் மூன்றாமவரால் நடந்த மோசடியை, தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் பாங்குக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்று 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் பாங்கு விதி வகுத்தது. ஓ.டி.பி.யை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போனது நம்முடையதே என்றும் அது சொன்னது. விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள். சீக்கிரம் சொன்னவருக்கே அனுகூலம் என்ற அடிப்படை மாறாது. பாங்குக்குச் சொன்ன கையோடு 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடுமுன் தடுப்பதற்கென்றே ஏற்பட்ட எண் அது.

கணக்கில் பணம் கழிந்து, விற்பவருக்குப் போய்ச் சேராமல் நடுவில் நின்றுவிட்டால் அது மோசடியல்ல, கோளாறு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கு போட்ட உத்தரவுப்படி, இன்டர்நெட் கார்டு வியாபாரத்தில் அது ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

ஓ.டி.பி.யை மட்டும் நம்பாமல் வேறு அடையாள முறைகளுக்கும் வழிவிடும் நெறிமுறைகளை ரிசர்வ் பாங்கு 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியாகக் குறித்தது. சிக்னல் குறைந்த தீவுகளுக்கு இது நல்ல செய்தி. ஆயினும் எந்தப் பூட்டு வந்தாலும் பழைய கணக்கு மாறப்போவதில்லை: சோதித்தவர் தப்புவார், சோதிக்காதவர் கட்டுவார். எட்டு அறைக்காரருக்கு ஒரு சீசனின் லாபம் இரண்டு மூன்று கள்ளப் பதிவில் போய்விடும். அவரிடம் வேலை செய்யும் நான்கு பேரின் சம்பளமும் அதோடு போகும். ஆகையால் பணம் வந்த சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் நின்று, "இதைச் சோதித்தது யார்?" என்று கேட்டுக்கொள்வது முதலாளிக்கும் நல்லது, சிப்பந்திக்கும் நல்லது.