படையெடுப்பை முன்கூட்டியே அறிவித்தல்

படையெடுப்பை முன்கூட்டியே அறிவித்தல் என்பது, ஓர் அரசோ படைத்தலைவரோ தாம் மேற்கொள்ளவிருக்கும் தாக்குதலை அது தொடங்கும் முன்பே வெளிப்படுத்துவதாகும். இதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் அடங்கியுள்ளன. போர் தொடுக்கப் போகிறோம் என்பது ஒன்று. எந்த நாளில், எந்த வழியில், எந்த இடத்தில் என்பது மற்றொன்று. முதலாவதை அறிவிப்பது பெரும்பாலும் அறம், சட்டம் சார்ந்தது. இரண்டாவதை வெளிப்படுத்துவதில்தான் பெரிய ஆபத்து உள்ளது. இவ்விரண்டும் பல நேரங்களில் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

பண்டை மரபும் சட்டமும்

போரை அறிவித்துத் தொடங்குவது தமிழருக்குப் புதிதன்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9ஆம் பாடல், பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், நோயாளர், பிள்ளைப்பேறு இல்லாதோர் ஆகியோரைப் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்ளுமாறு முன்னரே எச்சரிக்கும் வழக்கத்தைக் கூறுகிறது. முன்னெச்சரிக்கையின்றிப் போரைத் தொடங்கக் கூடாது என்று 1907ஆம் ஆண்டின் மூன்றாம் ஹேக் உடன்படிக்கையும் விதித்தது. எனினும் இவற்றுள் எதுவும் படை செல்லும் வழியைச் சொல்லுமாறு கேட்கவில்லை. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் (48, 49, 50) தனித்தனியே அமைந்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. முன்னறிவிப்பு எதிரிக்குக் கொடுப்பது பெரும்பாலும் இம்மூன்றைப் பற்றிய அறிவைத்தான்.

1780: ஐதர் அலியின் எச்சரிக்கை

இன்று சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்படும் கும்மிடிப்பூண்டியும், திருவள்ளூர் மாவட்டத்தின் பேரம்பாக்கமும் இதற்குச் சிறந்த சான்றாக விளங்கும் ஒரு போரின் வழியில் அமைந்தவை.

மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலி தம் பகையை மறைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாகி தமது பாதுகாப்பில் உள்ளது என்றும், அதைத் தாக்கினால் கர்நாடகப் பகுதியின் மீது படையெடுப்பேன் என்றும் அவர் சென்னை அரசை எச்சரித்திருந்தார். ஆங்கிலேயர் 1779 மார்ச்சில் மாகியைக் கைப்பற்றினர். அதே ஆண்டு சீரங்கப்பட்டணத்திற்குத் தூது சென்ற பாதிரியார் சுவார்ட்ஸ் வழியாகவும் ஐதரின் மனக்குறைகள் சென்னைக்கு எட்டின. சென்னை அரசு எச்சரிக்கைக்கு ஏற்ற ஆயத்தம் எதையும் செய்யவில்லை. ஆளுநர் ரம்போல்டு 1780 ஏப்ரலில் பதவியை விட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஜூலையில் ஐதரின் பெரும்படை கணவாய்களைக் கடந்து சமவெளியில் இறங்கியது. ஆகஸ்டு 10 அளவில் அவருடைய குதிரைப்படை பரங்கிமலை வரை வந்துவிட்டது.

ஐதர் வெளியிட்டது நோக்கத்தை மட்டுமே. நாளையும் வழியையும் அவர் தம்முள்ளேயே வைத்துக்கொண்டார். இதிலும் ஆபத்து இருந்தது. சென்னை அரசு அவர் சொல்லை நம்பிக் கணவாய்களில் காவல் வைத்திருந்தால் அவ்வளவு எளிதாக இறங்கியிருக்க முடியாது. எதிரியின் அலட்சியம் அவருக்கு உதவியது. அத்தகைய அலட்சியத்தை எந்தப் படைத்தலைவரும் கணக்கில் வைத்துத் திட்டமிட முடியாது. ஐதர் எச்சரித்தது சென்னை அரசைத்தான், ஊர்மக்களை அல்ல. புறநானூறு கூறும் வகையினர் யாருக்கும் ஒதுங்க அவகாசம் கிடைக்கவில்லை. ஊர்கள் எரிந்தன, அடுத்த ஆண்டுகளில் பஞ்சமும் வந்தது.

காஞ்சிபுரம் என்னும் கூடுமிடம்

ஆங்கிலப் படைத்தலைவர் ஹெக்டர் மன்றோ, பக்சார் போரில் (1764) வென்றவர். சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ வேறொருவர். அவர் அப்போது அதே படையில் இளநிலை வீரராக இருந்தார். சிதறிக் கிடந்த படைகள் அனைத்தும் காஞ்சிபுரத்தில் கூட வேண்டும் என்று ஹெக்டர் மன்றோ முடிவு செய்தார். சென்னையில் கூடுவதே பாதுகாப்பு என்று மக்லியோடு பிரபு மறுத்துரைத்தும் பயனில்லை. ஐதரின் ஒற்றர்கள் ஆங்கிலேயரின் நகர்வுகளை உடனுக்குடன் அவருக்குத் தெரிவித்து வந்தனர். கூடுமிடம் தெரிந்தபின், வரும் படைகளை வழியில் மறிப்பது மட்டுமே அவருக்கு எஞ்சிய வேலை.

குண்டூரிலிருந்து சுமார் 2,800 பேருடன் வந்த கர்னல் பெய்லி, ஆகஸ்டு 24 அன்று கும்மிடிப்பூண்டியில் தங்கினார். மறுநாள் கொசஸ்தலையாற்றின் வடகரையை அடைந்தார். ஆற்றில் நீர் குறைவாக இருந்தும் கடக்காமல் கரையிலேயே முகாமிட்டார். இரவில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் தொடக்கம் வரை அவரால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. அந்தத் தாமதம் ஐதருக்கு வாய்ப்பானது. அவர் மகன் திப்புவைப் பெய்லியை மறிக்க அனுப்பினார். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார்.

மன்றோ அப்போது சுமார் 25 கி.மீ. தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்தார். முழுப் படையுடன் உதவிக்குச் செல்லாததற்கு அவர் கூறிய காரணம், கோயிலில் சேமித்திருந்த அரிசியை விட்டுவர முடியாது என்பதே. முன்னறிவிப்பின் மற்றொரு தீமை இதில் தெரிகிறது. குறித்த இடத்தில் உணவும் தளவாடமும் சேர்ந்துவிட்டால், நிலைமை மாறினாலும் படைத்தலைவர் அவ்விடத்தை விட்டு அசைய முடிவதில்லை.

செப்டம்பர் 8 அன்று சுமார் 1,000 பேருடன் அனுப்பப்பட்ட கர்னல் பிளெட்சர், தம் வழிகாட்டிகளை நம்பாமல் பாதையை மாற்றினார். ஐதரின் ஆட்கள் எதிர்பார்த்த வழியில் அவர் வரவில்லை. மறுநாள் பெய்லியைப் பத்திரமாக வந்தடைந்தார். அந்தப் பத்து நாள்களில் ஆங்கிலேயர் தரப்பில் சரியாக முடிந்த நகர்வு அநேகமாக அது ஒன்றுதான். ஆனால் செப்டம்பர் 10 அன்று, இருவரின் படையும் புள்ளலூரில் திப்புவாலும் ஐதராலும் சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பிளெட்சர் இறந்தார். பெய்லி சிறைப்பட்டு 1782இல் சீரங்கப்பட்டணத்தில் மாண்டார். சுமார் 3,800 பேரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர் அல்லது சிறைப்பட்டனர். மன்றோ தம் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

டாங்கா, 1914

இரண்டாவது வகை அறிவிப்புக்கு நேரடியான சான்று கிழக்கு ஆப்பிரிக்காவில் கிடைக்கிறது. 1914 நவம்பர் 2 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'பாக்ஸ்' ஜெர்மானியர் வசமிருந்த டாங்கா துறைமுகத்திற்குள் நுழைந்தது. அதன் தலைவர், முந்தைய சமாதான ஏற்பாடு இனிச் செல்லாது என்று அங்கிருந்த அதிகாரியிடம் அறிவித்து அவகாசமும் கொடுத்தார். முறைப்படி அது கண்ணியமான செயலே. ஆனால் கப்பல் வந்து நின்று அறிவித்ததிலேயே இடமும் நாளும் வெளிப்பட்டுவிட்டன. ஜெர்மானியத் தளபதி லெட்டோ-வோர்பெக் ரயில் மூலம் படைகளை வரவழைத்தார். இந்தியாவிலிருந்து சென்ற சுமார் 8,000 பேர் கொண்ட படை, ஏறத்தாழ 1,000 பேரிடம் தோற்றுக் கப்பலேறியது. அவ்வாறு தோற்றவற்றுள் 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் ஒன்று.

இந்தியா, 1962

அறிவிப்பு எதிரியைத் தூண்டிவிடுவதும் உண்டு. 1962 அக்டோபர் 12 அன்று, இலங்கைக்குப் புறப்பட்ட பிரதமர் நேரு, எல்லைப் பகுதியிலிருந்து சீனரை வெளியேற்றுமாறு படைக்கு உத்தரவிட்டிருப்பதாகச் செய்தியாளர்களிடம் கூறினார். நாளைப் படையே முடிவு செய்யும் என்றும் சொன்னார். நாளை மறைத்தது சரியே. ஆனால் பனிமலையில் இருந்த வீரர்களிடம் அந்த உத்தரவை நிறைவேற்றப் போதிய ஆடையோ வெடிமருந்தோ சாலையோ இருக்கவில்லை. சீனத் தரப்பு அப்பேச்சை இந்தியா தாக்கவிருப்பதற்குச் சான்றாக எடுத்துக்காட்டியது. அக்டோபர் 20 அன்று சீனப்படை நம்கா சூ ஆற்றங்கரையிலும் லடாக்கிலும் ஒரே நேரத்தில் தாக்குதலைத் தொடங்கியது.