வெளிநாட்டுக்கு கேமராவோடு போறீங்களா? திரும்பி வரும்போதுதான் சிக்கலே!

குன்னூரில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சிம்ஸ் பூங்காவிலும் தேயிலைத் தோட்டங்களிலும் கல்யாண ஜோடிகளைப் படமெடுத்து, இஎம்ஐ கட்டிச் சேர்த்த கேமரா. இரண்டு பாடி, மூன்று லென்ஸ் எல்லாம் சேர்த்து ஆறு லட்சம் ரூபாய். அக்கா வீட்டுக்கு சிங்கப்பூர் கிளம்புகிறார். 'எவனாவது அடிச்சிட்டுப் போயிடுவானோ' என்பது மட்டும்தான் அவர் கவலை.

ஆனால், திரும்பி வந்து கோவை விமான நிலையத்தில் இறங்கும்போது சுங்க அதிகாரி கேட்கலாம்: "இது இங்கே வாங்கினதா, அங்கே வாங்கினதா?" பதில் சொல்லக் கையில் காகிதம் இல்லையென்றால், சொந்த கேமராவுக்கே வரி கட்டச் சொல்லும் நிலை வரலாம்.

கிளம்பும்போதே ஒரு சான்றிதழ்

இதற்கு வழி, 'எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட்' எனப்படும் ஏற்றுமதிச் சான்றிதழ். இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே விமான நிலையத்தில் உள்ள சுங்கத்துறையிடம் கேமராவைக் காட்டினால், மாடலையும் சீரியல் நம்பரையும் சரிபார்த்து எழுதித் தருவார்கள். திரும்பும்போது அதைக் காட்டினால் போதும். செகண்ட் ஹேண்டில் வாங்கி, பில் இல்லாமல் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. கொண்டுபோன பொருளுக்கு மட்டும்தான் அந்தச் சான்றிதழ். அங்கே புது லென்ஸ் வாங்கி, அது வரியில்லா வரம்பைத் தாண்டினால், ரெட் சேனலில் சொல்லிவிடுவதுதான் நல்லது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். ஊட்டியிலிருந்து பீளமேடு விமான நிலையம் சுமார் 90 கிலோமீட்டர். சீசன் நெரிசலும், மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண்சரிவும் மலைக்காரர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்! வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

பெட்டியில் போடலாமா?

கூடாது. கேமராவும் லென்ஸும் கைப்பையில்தான். எகானமி வகுப்பில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. பெரிய 70-200 லென்ஸ் ஒன்றே ஒன்றரை கிலோ வரை வரும் என்பதால், வீட்டிலேயே எடை போட்டுப் பாருங்கள். டிரைபாடையும் சார்ஜரையும் பெட்டிக்கு அனுப்பிவிடலாம்.

பெட்டி தொலைந்தால் என்ன கிடைக்கும்? மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். தோராயமாக 2,000 டாலர். ஒரு பெட்டிக்கு அல்ல, ஒரு ஆளுக்கு. ஆறு லட்சத்துக்கு இது எந்த மூலைக்கு? பெட்டி சேதமாகி வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் கொடுங்கள். உடன்படிக்கைப்படி எழுத்துப்பூர்வ புகாருக்கு 7 நாள்தான் கெடு.

பேட்டரி கணக்கு

தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் பெட்டியில் போடவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கேபினில் தீப்பிடித்தால் உடனே பார்த்து அணைக்கலாம், சரக்குப் பகுதியில் அது முடியாது. 100 வாட்-ஹவர் வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு மட்டும்.

கணக்கு சுலபம். எம்.ஏ.எச். எண்ணை 1,000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்குங்கள். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், 3.7 வோல்ட் என்றால் 74 வாட்-ஹவர். சாதாரண கேமரா பேட்டரி 20-ஐக்கூடத் தாண்டாது. பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி கவரில் வையுங்கள்.

இன்ஷூரன்ஸில் என்ன இருக்கிறது?

டிக்கெட்டோடு சேர்த்து எடுக்கும் டிராவல் இன்ஷூரன்ஸை நம்பி இருந்துவிடாதீர்கள். பல பாலிசிகளில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும். தொழிலுக்குப் பயன்படுத்தும் கேமரா சிலவற்றில் சேராது. வெளிநாட்டிலும் செல்லுமா, தொழில் உபயோகத்துக்குப் பொருந்துமா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பொருள் திருடு போனால் அந்த ஊர் போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள்.

கல்யாண ஆர்டர் வந்தால்?

வெளிநாட்டுத் தமிழர் வீட்டுக் கல்யாணத்தைப் படமெடுக்கக் கூப்பிடுகிறார்களா? சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. பை நிறைய கேமராக்கள் இருந்தால், குடியேற்ற அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். விசா விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தொழில் கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர 'ஏ.டி.ஏ. கார்னே' என்ற ஆவணம் இருக்கிறது. இந்தியாவில் இதை வழங்குவது ஃபிக்கி. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் இந்த ஏற்பாட்டில் உள்ள நாடுகள். ஆனால் இது சுங்கத்துக்கான காகிதம், விசாவுக்கு மாற்று அல்ல.

மலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை

ஊட்டிக் குளிரில் இருந்த லென்ஸை மேட்டுப்பாளையம் வெயிலில் திறந்தால் பனி படரும். ஏ.சி. அறையிலிருந்து சிங்கப்பூர் வெக்கைக்குள் போனாலும் அதே கதைதான். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விட்டு, சூடு சமமான பிறகு எடுங்கள். சிலிக்கா ஜெல் பாக்கெட் எப்போதும் பையில் இருக்கட்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும் என்பதை நீலகிரிக்காரர்கள் அனுபவத்திலேயே அறிவார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரையும், பில்லையும், பாலிசியையும் போனில் படமெடுத்து, வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மறுநாள் விமான நிலையத்தில் சான்றிதழை வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். திரும்பி வரும்போது அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டால், காகிதத்தை நீட்டிவிட்டு நிம்மதியாக மலையேறலாம்.