பயாப்சிக்குப் பிறகு குளிர் ஜுரமா? படகு ஏறாதீர்கள்!

வைப்பின் தீவின் வட முனையில் முனம்பம் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. குமரி மாவட்டத்தின் தூத்தூர், குளச்சல் பக்கத்துத் தமிழர்கள் பலர் இங்கிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறார்கள். போனால் கரை திரும்பப் பல நாள் ஆகும்.

வயது ஏறினால் ஆண்களில் பலருக்கு புராஸ்டேட் சுரப்பி வீங்கும். இரவில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழ வேண்டி வரும். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடி, புற்றுநோய் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், பயாப்சி செய்யச் சொல்வார் டாக்டர். சுரப்பியில் ஊசியைச் செலுத்தி, சாதாரணமாக 12 இடங்களில் நூல் போன்ற சதைத் துணுக்குகளை எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சிறுநீரில் சில நாள் ரத்தம் கலந்து வரலாம். விந்தில் சில வாரம் கூட வரலாம். பலரும் பயப்படுவது இதற்குத்தான். இது தானாகவே நிற்கும். பயப்பட வேண்டியது குளிர் ஜுரத்துக்கு.

கிருமி எப்படி ஏறுகிறது?

புராஸ்டேட் மலக்குடலை ஒட்டியே இருக்கிறது. மலக்குடல் வழியாக ஊசி போட்டால், அங்கே குடியிருக்கும் ஈ.கோலி போன்ற கிருமிகள் ஊசியோடு சுரப்பிக்குள் போகும். சில வேளை ரத்தத்திலும் கலந்துவிடும். இதனால் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்வது நூற்றில் ஒருவர் முதல் சிலர் வரைதான். ஆனால் ரத்தத்தில் கிருமி பரவியவருக்கு உயிர் ஆபத்து உண்டு.

இதைத் தடுக்க முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். நெடுங்காலம் கொடுத்து வந்தது சிப்ரோபிளாக்சசின். வயிற்றுப்போக்கு என்றாலும் நீர்க்கடுப்பு என்றாலும் கடையில் தாங்களாகவே வாங்கி விழுங்கிய அதே மாத்திரைதான்! இன்று இந்தியாவில் ஆஸ்பத்திரிகளில் பரிசோதிக்கப்படும் ஈ.கோலி கிருமிகளில் பாதிக்கு மேல் அதற்கு அடங்குவதில்லை. சீட்டு இல்லாமல் இத்தகைய மருந்து விற்பதைத் தடுக்க 2024 ஜனவரியில் கேரள அரசு 'ஆபரேஷன் அம்ரித்' என்ற சோதனையைத் தொடங்கியது.

ஆகவே, கடந்த சில மாதங்களில் என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டோம், ஆஸ்பத்திரியில் படுத்தோமா, வளைகுடா நாட்டுக்குப் போய் வந்தோமா, சர்க்கரை வியாதி உண்டா, சிறுநீர்க் குழாய் வைத்திருக்கிறதா என்பதை எல்லாம் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். மலக்குடலை அயோடின் மருந்தால் துடைத்துவிட்டு ஊசி போடுவதும் ஆபத்தைக் குறைக்கும்.

பழைய வழி திரும்புகிறது

மலக்குடல் வழி பயாப்சியை 1937-ல் ஆஸ்ட்ரால்டி என்பவர் செய்து காட்டினார். அதற்கு முன்பே விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாக ஊசி போடும் முறை இருந்தது. இப்போது பல நாடுகளில் அதற்கே திரும்புகிறார்கள். 2024-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 658 பேரை இரு முறைகளுக்கும் பிரித்தார்கள். தோல் வழியாகச் செய்தவர்களில் ஒருவருக்கும் கிருமி தொற்றவில்லை. மலக்குடல் வழியில் 4 பேருக்குத் தொற்றியது. வித்தியாசம் சிறியதுதான், என்றாலும் தோல் வழிக்காரர்களுக்கு முன்கூட்டி ஆன்டிபயாடிக் கொடுக்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "இங்கே எந்த வழியாகச் செய்கிறீர்கள்?" என்று நோயாளி தாராளமாகக் கேட்கலாம்.

ஜுரம் வந்தால்...

பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் வரும். ஒரு வாரம் வரை கவனமாக இருக்க வேண்டும். உடம்பு 100.4 டிகிரிக்கு மேல் சுட்டாலும், நடுக்கம் கண்டாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், பேச்சு தடுமாறினாலும் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்கக்கூடாது. ரத்தமும் சிறுநீரும் சோதனைக்கு எடுத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

முன்பு வைப்பின்காரர்கள் எறணாகுளம் போகப் படகையே நம்பியிருந்தார்கள். 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வந்த பிறகு நள்ளிரவிலும் வண்டியில் போய்விடலாம். நடுக்கடலில் இருப்பவனுக்குப் பாலம் ஏது? அந்த ஒரு வாரம் தொழிலுக்குப் போகாமல் கரையில் இருப்பதே நல்லது.

மலையாளத்தில் 'பனி' என்றால் ஜுரம், 'விறயல்' என்றால் நடுக்கம். இந்த இரண்டு சொல்லோடு, பயாப்சி செய்த தேதியும் கொடுத்த மாத்திரையின் பெயரும் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்து, போன உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.