நலிந்த குழந்தையின் ஆற்றல் தேவை

2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 19.3 சதவீதத்தினர் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். மிகக் கடுமையாக மெலிந்தோர் மட்டும் மொத்தக் குழந்தைகளுள் 7.7 சதவீதம் ஆவர். இத்தகைய குழந்தைக்கு உணவை அள்ளிக் கொடுத்தால் விரைவில் தேறிவிடும் என்பது இயல்பான எண்ணம். ஆனால், தொடக்கத்திலேயே மிகுதியாக ஊட்டுவது அதன் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். இதன் காரணத்தை அறிய, நலிந்த உடலின் வளர்சிதை மாற்றத்தைப் புரிந்துகொள்ளுதல் வேண்டும்.

உடலின் சிக்கனம்

வருவாய் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவதுபோல், உணவு குறைந்த உடலும் தன் செலவைச் சுருக்குகிறது. முதலில் விளையாட்டும் அசைவும் குறைகின்றன, வளர்ச்சி நின்றுவிடுகிறது. பின்னர் கொழுப்பும் தசையும் கரைந்து எரிபொருளாகின்றன. இறுதியில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், குடல் ஆகிய உறுப்புகளும் தம் பணியைக் குறைத்துக்கொள்கின்றன. உயிரணுக்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் இயக்கம் தளர்வதால், உள்ளே சோடியம் மிகுந்து பொட்டாசியம் குறைகிறது.

இந்தத் தகவமைப்பு எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே அளவில் அமைவதில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய டாக்டர் சி. கோபாலன் இதனை 1960-களில் எடுத்துக்காட்டினார். ஒரே வகையான உணவை உண்ணும் குழந்தைகளுள் சிலர் எலும்பும் தோலுமாகும் மராஸ்மஸ் நோய்க்கும், சிலர் உடல் வீங்கும் குவாஷியார்க்கர் நோய்க்கும் உள்ளாவதற்கு, பற்றாக்குறைக்கேற்ப உடல் தன்னை மாற்றிக்கொள்ளும் திறனில் உள்ள வேறுபாடே காரணம் என அவர் விளக்கினார்.

முதற்கட்டம்: உயிர் காத்தல்

சுருங்கிய உடலில் திடீரென மிகுந்த உணவு சேர்ந்தால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் விரைந்து உயிரணுக்களுக்குள் சென்றுவிடுகின்றன. வலுவிழந்த இதயம் செயலிழக்க நேரிடலாம். எனவே, முதற்கட்டத்தில் நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 100 கிலோகலோரியும் 1 முதல் 1.5 கிராம் புரதமுமே அளிக்கப்படுகின்றன. இதற்கென வகுக்கப்பட்ட எஃப்-75 பாலில் 100 மில்லிலிட்டருக்கு 75 கிலோகலோரி உள்ளது. இப்பால் தொடக்கத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும் தவறாது, சிறிது சிறிதாக ஊட்டப்படுகிறது. இடைவெளி நீண்டால் இரத்தச் சர்க்கரையும் உடல் வெப்பமும் தாழ்ந்துவிடும். இக்கட்டத்தில் இரும்புச்சத்து மருந்து தவிர்க்கப்படுகிறது.

இரண்டாம் கட்டம்: இழந்ததை ஈட்டல்

பசி திரும்பி வீக்கம் வடியத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. ஒரு கிராம் எடை கூடுவதற்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி தேவை. 6 கிலோ எடையுள்ள குழந்தை, கிலோவுக்கு 10 கிராம் வீதம் நாளொன்றுக்கு 60 கிராம் கூட வேண்டுமாயின், இவ்வளர்ச்சிக்கு மட்டும் 300 கிலோகலோரி வேண்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள நலமான குழந்தைக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 80 கிலோகலோரி போதும். தேறிவரும் குழந்தைக்கோ 150 முதல் 220 வரை தேவைப்படுகிறது. ஆகவே, முன்னர் ஆபத்தாயிருந்த தாராளம் இப்போது இன்றியமையாததாகிறது.

நிர்வாகத்தின் பொறுப்பு

குழந்தையின் இரைப்பை சிறியது. நீர்த்த கஞ்சியால் வயிறு நிறையுமேயன்றித் தேவையான ஆற்றல் கிட்டாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 45 கிலோகலோரி தரும். தேறிவரும் குழந்தையின் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி எண்ணெய் சேர்த்தால், அளவு கூடாமலே ஆற்றல் கூடும்.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியே, அங்கன்வாடிகள் நாடெங்கும் பரவின. மேல்கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த, அல்லது இரு பாதங்களும் வீங்கிய குழந்தையை அங்கன்வாடிப் பணியாளர் எளிதில் கண்டறியலாம். பசியின்மையோ, வீக்கமோ, வேறு நோயோ இருப்பின், அக்குழந்தையை ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்திற்கு உடனே அனுப்புதல் வேண்டும்.

வழங்கிய உணவின் எடையை மட்டும் கணக்கிடும் பதிவேடு திட்டத்தின் வெற்றியைக் காட்டாது. எந்தக் குழந்தைக்கு, எந்தக் கட்டத்தில், எவ்வளவு உணவு சேர்ந்தது என்பதையும், வீடு திரும்பிய பின் எடை கூடியதா என்பதையும் பதிவு செய்தால்தான் செலவிட்ட உணவு உயிரைக் காத்ததா என்பது விளங்கும்.